கப்டனின் தகுதிகாண் காலம்

"எழும்படா கப்டன்! இண்டைக்கும் அம்மான்ர மெத்தையில பெய்துபோட்டு, வாலை வேற ஆட்டுறியோ?"

சோமசேகரத்தின் குரல் வேலி தாண்டி, வீதி தாண்டி, துறைமுகத்தில் நின்ற கப்பல்வரை கேட்டிருக்கும். கப்டன் ஒரு மூன்று மாத நாய்க்குட்டி. துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து, தலைமை எழுதுவினைஞராக இளைப்பாறியவர் சோமசேகரம். இப்போது அவருடைய அதிகாரத்துக்குக் கீழே மிஞ்சியிருந்தது அந்த ஒரு குட்டிதான்.

வேலிக்கு அப்பால் பல் தீட்டிக்கொண்டு நின்ற குணரத்தினம் எட்டிப் பார்த்தார்.

"என்ன சேகரம், கப்டன் இண்டைக்கும் நங்கூரம் போட்டிட்டாரோ?"

"ஓம், நல்லாச் சிரியும்! மூண்டு கிழமையா ஒரு நாளும் தவறேல்லை. ஊரெல்லாம் போய்ச் சொல்லும்!"

கட்டிலில் சாய்ந்திருந்த அவர் மனைவி இராசமலருக்கும் சிரிப்பு வந்தது. ஆசுப்பத்திரியிலிருந்து வந்தபின் அவளுடைய இடப்பக்கம் சொல்லுக் கேட்பதில்லை. சிரிப்பும் வலப்பக்கமாகத்தான் வந்தது.

"இஞ்சருங்கோ, அது பச்சைக் குட்டி. அதோட கத்தி என்ன பிரயோசனம்?"

"உன்ர செல்லந்தான் மலர் இதைக் கெடுத்தது. வெள்ளை விரிப்பு எண்டுகூடப் பாக்குதில்லை."

விரிப்பைச் சுருட்டிக் கிணற்றடிக்கு அவரே கொண்டுபோனார். தோய்க்க வருகிற பெண்ணிடம் கொடுப்பதில்லை. கேட்டால், "தடயப் பொருள்" என்பார்.

அன்றைய முதல் பஸ்ஸில் குச்சவெளியிலிருந்து அவருடைய அக்கா கமலேஸ்வரி வந்திறங்கினாள். கருவாட்டுப் பொதியைக் குசினியில் வைக்குமுன்பே தொடங்கிவிட்டாள்.

"வருத்தக்காரி படுக்கிற அறையில நாயோ தம்பி? உதைச் சாக்கில போட்டுச் சந்தையடியில விட்டிட்டு வா."

"அப்பிடி ஏலாது அக்கா. அதுக்கொரு முறை இருக்கு. முதல்ல குற்றப்பத்திரம். பிறகு விளக்கம் கேக்கவேணும். பிறகுதான் விசாரணை. கப்டன் இன்னும் தகுதிகாண் காலத்தில நிக்கிறார். மூண்டு வருசம்."

"மூண்டு வருசமோ! அதுவரைக்கும் மெத்தை தாங்குமோ?"

"எச்சரிக்கைக் கடிதம் குடுத்திருக்கிறன்."

உண்மையாகவே கொடுத்திருந்தார். அறைக் கதவின் அடியில் ஒட்டியிருந்தது. அதன் கீழ்ப்பாதியைக் கப்டன் தின்றிருந்தது.

"உனக்குப் பென்சன் தந்தவன் மூளையைத் திருப்பி வாங்கியிட்டான்," என்றாள் கமலேஸ்வரி. "மிருக வைத்தியரைக் கூப்பிடு. குட்டிக்கு வருத்தமெண்டா மருந்து குடுப்பம். வருத்தம் இல்லையெண்டா, பின்னேர பஸ்ஸில நான் கொண்டு போறன்."

சோமசேகரம் குட்டியைத் தூக்கி அணைத்துக்கொண்டார். "இன்னொரு கிழமை பாப்பமே அக்கா," என்றார். அவள் கேட்கவில்லை.

வைத்தியர் அபூதாஹிர் வந்து குட்டியின் வயிற்றை அமுக்கினார், வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல, நோவும் இல்ல. இரவைக்கு எங்க படுக்கிறது?"

"என்ர கால்மாட்டில, டொக்டர்," என்றாள் இராசமலர். "விடிய முழிச்சா அங்கதான் கிடக்கும்."

"சின்னக் குட்டிக்கு மூத்திரப்பை சின்னன், அம்மா. திண்டாலும் எழும்பினாலும் உடன வெளியில விடணும். பழகின குட்டியும் பயந்தாத் திரும்பப் பெய்யும். ஐயா ஏசுறதுதான் இதுக்கு வருத்தம்."

"அப்ப வருத்தந்தானே!" சோமசேகரம் துள்ளி எழும்பினார். "எழுதித் தாங்கோ டொக்டர். முத்திரையும் குத்தித் தாங்கோ."

கப்டன் தப்பியது. கமலேஸ்வரி வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

"நாளைக்குக் கத்தமாட்டீங்கள்தானே?" என்று கேட்டாள் இராசமலர்.

"பாப்பம். அது நடக்கிற நடையில இருக்கு."

அந்த வெள்ளிக்கிழமையே, பின்னேரத் தேநீர் பாதிக் கோப்பையில் ஆறிக்கிடக்க, இராசமலர் போய்விட்டாள்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடியும்வரை கமலேஸ்வரி வந்து நின்றாள். ஒவ்வொரு விடியலிலும் அந்த மெத்தையைத் தடவிப் பார்த்தாள். கால்மாட்டில் கப்டன் சுருண்டு கிடந்தது.

"பாத்தியே தம்பி, அவள் போன நாளில இருந்து ஒரு சொட்டும் இல்லை. நாய்க்கும் துக்கம் தெரியுது."

"ஓம் அக்கா. பழகியிட்டுது."

"இனி ஏசாதை, என்ன?"

"இனி என்னத்துக்கு அக்கா?"

மறுநாள் அவளும் ஊருக்குப் போனாள்.

அதற்கடுத்த விடியலில், பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாத அந்த வீட்டில், சோமசேகரம் எழுந்து பின்வளவுக்குப் போய்க் கோழிக்கூட்டைத் திறந்தார். வந்த நாளிலிருந்து ஓர் இரவுகூட வீட்டுக்குள் படுத்தறியாத கப்டனை, நனைந்த மெத்தையில் மனைவி கண் விழிக்குமுன் தினமும் செய்ததைப் போலவே தூக்கி வந்து, காய்ந்து கிடந்த மெத்தையின் கால்மாட்டில் விட்டார்.