பிடியின் பலம்

விளையாட்டுக் கூடத்தின் தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. பிள்ளைகளின் உடல் வலுவை ஆராய வந்தவள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். வரிசை கொஞ்சம் கோணினாலும் போதும், விளையாட்டு வாத்தியாரின் கை ஏதாவது ஒரு கன்னத்தில் பளாரென்று இறங்குகிறது. "நேரா நில்லுடி, எருமை!" அறை வாங்கிய சிறுமி இவளைத்தான் பார்க்கிறாள். இவளோ, கருவியைத் துடைப்பதுபோல் குனிந்துகொள்கிறாள். "அடுத்து யாரும்மா? வா." அதே சிறுமிதான். கன்னத்தில் நாலு விரலும் சிவந்து தடித்திருக்கின்றன. பிடியின் பலத்தை அளக்கும் அந்த இரும்புக் கருவியை வாங்கி அமுக்குகிறாள். முள் லேசாக அசைந்து படுத்துவிடுகிறது. "என்ன கண்ணு, காலைல சாப்பிடலையா?" என்றபடி, எந்தப் பள்ளியிலும் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும் தன் வழக்கமான வேடிக்கையை எடுத்துவிடுகிறாள்: "யார் மேல கோவமோ, அவங்க கழுத்துன்னு நெனச்சு அமுக்கு, பாப்போம்!" சிறுமி சிரிக்கவில்லை. விரல் முட்டிகள் வெளுக்கின்றன, நெற்றி நரம்பு புடைக்கிறது, முள் விறுவிறுவென்று ஏறிக் கடைசிக் கோட்டில் முட்டி நடுங்குகிறது. அவள் கண் வாத்தியார் பக்கம் திரும்பவே இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கம், இவள் முகத்திலேயே குத்தி நிற்கிறது. "போதும்மா, விட்டுடு" என்று இவள் சொல்லப் பார்க்கிறாள். தொண்டையிலிருந்து குரல் வரமாட்டேன் என்கிறது.