நொடிக்கொரு துள்ளல்

ஒரகடத்துத் தொழிற்சாலையின் சோதனை அறையில் பொறியாளன் ஹேமந்தும் உதவியாளர் கங்காவும் திரையைப் பார்த்தபடி நிற்கிறார்கள். மேசைமேல் இருப்பது ஈர்ப்பலைகளைக் கண்டறியும் கருவிக்குப் போகிற சர்க்யூட் போர்டு. அதில் துளி மின் இரைச்சலும் இருக்கக் கூடாது. ஆனால் நொடிக்கொரு முறை திரையில் கோடு சின்னதாகத் துள்ளுகிறது. காலையிலிருந்து ஒயர், பவர் சப்ளை எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. கையுறை எடுக்கக் கங்கா அறை மூலைக்குப் போகிறாள், துள்ளல் நின்றுவிடுகிறது. திரும்பி வருகிறாள், மறுபடி துள்ளுகிறது. அவள் கையில் தொளதொளவென்று கிடக்கும் ஆண்கள் கைக்கடிகாரத்தை ஹேமந்த் அப்போதுதான் கவனிக்கிறான். "வாட்ச்தான்க்கா. கழட்டி வெளில வெச்சுட்டு வந்துடுங்களேன்." அவள் அதை மறு கையால் பொத்திக்கொள்கிறாள். "எங்க வூட்டுக்காரரு லாரில அடிபட்டப்போ கட்டிகினு இருந்தது சார். ஆஸ்பத்திரில அவுத்து என் கைல குடுத்தாங்க. அன்னிலேர்ந்து நான் கழட்டவே இல்ல." கீறல் விழுந்த கண்ணாடிக்கு அடியில் முள் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளே வாரை மெல்ல அவிழ்த்து, வெளியே போய் லாக்கரில் வைத்துவிட்டு வந்து நிற்கிறாள். "போயிடுச்சா சார்?" திரையில் கோடு அசையாமல் கிடக்கிறது. "போயிடுச்சுக்கா" என்கிறான். கங்கா சரியென்று தலையாட்டுகிறாள். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கணவன் இறந்த இந்த நாற்பது நாளில் முதன்முறையாக, வாய்விட்டு அழுகிறாள்.