ரெண்டு வருஷம் போதும்

"சின்ன ஆபரேஷனே போதும் டாக்டர். எனக்கு நீந்தணும்."

"வெட்கமா இல்லையாப்பா உங்களுக்கு?"

ஆஸ்பத்திரி என்றும் பாராமல் மகள் கத்திவிட்டாள். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'தான். வலது தோள் மூட்டு தேய்ந்துபோய், இப்போது சட்டை மாட்டுவதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் மறுபடி பொறுமையாக ஆரம்பித்தார்.

"மாஸ்டர், மூட்டையே மாத்திட்டா பல வருஷத்துக்குக் கவலையில்லை. ஆனா அந்தக் கையால பாரம் தூக்கக்கூடாது. ஒரு வாளித் தண்ணின்னாலும் யோசிச்சுத்தான் தூக்கணும். நீங்க கேக்கறது வேற. சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, உள்ளே உதிர்ந்து கிடக்கறதைச் சுத்தம் பண்ணி, இறுகிப்போன சவ்வைத் தளர்த்தி விடறது. ஓடியாடி இருக்கற சில பேருக்கு அது நல்லாவே கை கொடுக்கும். சீக்கிரம் பழைய வேலைக்குத் திரும்பலாம். ஆனா தேஞ்சது தேஞ்சதுதான். உங்க தோள் இருக்கற நிலைமைக்கு ரெண்டு வருஷம் தாங்கினாலே பெரிசு."

"ரெண்டு வருஷம் போதும்."

"நீச்சல்தானே? மூட்டை மாத்தினாலும் மெதுவா நீந்தலாமே. பாரம் தூக்கறதுதான் கூடாது."

"மெதுவா நீந்தறதுக்குக் குளியல் தொட்டியிலேயே உட்கார்ந்துக்கலாம் டாக்டர்."

டாக்டர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"அம்மா படுத்த படுக்கையா கிடக்காங்க. இவருக்கு நீச்சல் கேக்குது. ரெண்டு வருஷம் கழிச்சு இவர் மறுபடியும் அறுத்துக்கிட்டுப் படுத்தா ரெண்டு பேரையும் யார் பார்க்கறது? நான் வேலையை விட்டுட்டு வந்து நிக்கணுமா?"

அப்பா சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில முடிவைச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மருந்துக்கடைக்குக் கிளம்பிப் போனார்.

அம்மாவின் அறை ஜன்னலுக்கு வெளியே கொடியில் அப்பாவின் நீச்சலுடை சொட்டச் சொட்டத் தொங்கியது. அதைப் பார்த்ததும் மகளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னை நாற்காலியில உட்கார வைம்மா. முதுகு எரியுது" என்றாள் அம்மா. பக்கவாதத்தில் அவளுடைய இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தப்பியிருந்தது.

மகளுக்கு எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை.

"இப்படி இழுத்தா ரெண்டு பேரும் விழுவோம். என் வலது கையை உன் கழுத்துல போட்டுக்கோ. என் தலையை உன் தோள்ல சாய்ச்சுக்கோ. ம்... மூச்சை இழு, பிடி, இப்ப எழுந்திரு. நீச்சல் பசங்களுக்குச் சொல்ற மாதிரிதான் சொல்லுவார் மனுஷன்."

எப்படியோ தூக்கி உட்கார வைத்துவிட்டு மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"உன் தோள்ல சத்தமே இல்லையே" என்றாள் அம்மா.

"என்ன சத்தம்?"

"அப்பா தூக்கறப்ப என் காது அவர் தோள்லதானே இருக்கும். உள்ளே கல்லும் கல்லும் உரசற மாதிரி நறநறன்னு கேக்கும். ஒவ்வொரு தடவையும் கேக்கும்."

"அதுக்குத்தானேம்மா மாத்திக்கச் சொல்றேன்! அவருக்கு அவர் நீச்சல்தான் பெரிசு. இன்னிக்குக் காலையிலகூடப் போயிட்டு வந்திருக்கார், பாரு."

"அதை எடுத்து மோந்து பாரு."

"என்னம்மா சொல்றே?"

"எடுத்துட்டு வந்து மோந்து பாருடி."

மகள் எடுத்து வந்து மோந்து பார்த்தாள். துணி சோப்பு வாசனைதான் வந்தது.

"நீச்சல் குளத்துல போடற மருந்து வாசனை இல்லைல்ல? கல்யாணமான நாள்லேருந்து அந்த வாசனையோட குடித்தனம் பண்ணினவ நான். நான் விழுந்த அப்புறம் அது ஒரு நாளும் இந்த வீட்டுக்குள்ள வரலை. குழாயில நனைச்சு என் கண்ணுல படற மாதிரி காயப்போடுறார்."

"எதுக்கு?"

"'என்னால உங்க நீச்சல் நின்னா, என்னைக் காப்பகத்துல விட்டுடுங்க'ன்னு ஒரு நாள் அழுதேன். அதுலேருந்து இந்த நாடகம். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லித் தொலைச்சுடாதே."

மகளின் கையிலிருந்த துணி தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது போலிருந்தது.

"தூக்கறதுக்கு ஒரு ஆளை வெச்சுக்கலாமேம்மா..."

"வெச்சுப் பார்த்தோம். வேற யார் தொட்டாலும் உடம்பு கூசுது. என் அழுகையைப் பார்த்துட்டு அவரே அனுப்பிட்டார். அவர் தோள் தேறற வரைக்கும் நீ தூக்கு. அது போதும்."

மகள் துணியை மறுபடி கொடியில், ஜன்னலுக்கு நேராகவே போட்டுவிட்டு வந்தாள்.

"சரிம்மா, சின்னதே பண்ணிக்கட்டும். நான் லீவு போட்டுட்டு இருக்கேன். ஆனா அது ரெண்டு வருஷம்தானே தாங்கும்? அதுக்கப்புறம்?"

வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன மாசம் என் இதயத்தைப் பார்த்த டாக்டர் அப்பாவைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினார். கதவைச் சரியாச் சாத்தலை. அவர் சொன்னதும் ரெண்டு வருஷம்தான்டி."