ரெண்டே முக்கால்

"ரெண்டு டிஸ்க்லயும் ஒரே சரக்கு இருக்கணுமா, இல்ல ரெண்டையும் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க் மாதிரி வெச்சுக்கிறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

கேள்வி முடிவதற்குள் மச்சான், "ஒரே சரக்குதான்" என்றான்.

அந்த அவசரம் பக்கத்தில் நின்ற அவன் அக்கா புருஷனுக்குப் பிடிக்கவில்லை.

கவுண்டர் மேல் ஒரு கறுப்புப் பெட்டி. ரொட்டி டப்பா அளவுதான் இருக்கும். முன்பக்கம் டிஸ்க் சொருக இரண்டு இழுப்பறைகள், ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளத் தோதாக. இதை ஆபீஸ் மூலையில் வைத்துவிட்டால், மூன்று கம்ப்யூட்டர்களில் சிதறிக் கிடக்கும் வீட்டு பிளான்கள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று மச்சான் ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தான்.

அந்த 'யார் வேண்டுமானாலும்'தான் அவரை உறுத்தியது.

அவரும் மனைவியின் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஆபீஸ் அது. பார்ட்டியைப் பிடிப்பதும் சைட்டில் நின்று சண்டை போடுவதும் அவர் பாடு. கம்ப்யூட்டர் முழுக்க மச்சான் பாடு. நாளைக்கு மாடி எழுப்பவோ சுவரை இடிக்கவோ நினைக்கிறவர்கள், பழைய பிளான் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் வருவார்கள். அந்த பிளான்கள் கைவிட்டுப் போனால் தொழிலும் போச்சு, இந்த வயதில் அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

மச்சானோ கொஞ்ச நாளாகச் சரியில்லை. போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்விடுகிறான். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துகிறான். போன வாரம் அவன் மேஜையில் யாரோ ஒரு பில்டரின் விசிட்டிங் கார்டு கிடந்தது. மனைவியிடம் மெல்ல வாயைத் திறந்தார். தம்பியைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசினால் நாளையிலிருந்து நீங்களே சமைத்துச் சாப்பிடுங்கள் என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். அதோடு சந்தேகம் வயிற்றுக்குள்ளேயே கிடந்து புளித்தது.

போன மழையில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதிலிருந்த பிளான்களை மச்சான் மறுபடி முதலிலிருந்து வரைந்தான். கண் சிவந்து போனது, ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. தங்கமான பையன் என்று அப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னவரே அவர்தான். இப்போது நினைத்தால், அவன் முணுமுணுக்காமல் இருந்ததே சந்தேகமாக இருந்தது.

கடைக்காரர் ஒரு இழுப்பறையை இழுத்துக் காட்டினார். "ஒரே சரக்குன்னா, ஒண்ணு செத்தாலும் வேலை நிக்காது சார். ஒண்ணை மட்டும் கழட்டி இதே மாதிரி வேற பெட்டியில சொருகினாலும், மொத்தமும் அப்படியே வரும்."

வேற பெட்டியில.

வேறு ஆபீசில், வேறு மேஜையில், இஸ்திரி போட்ட சட்டையோடு மச்சான் உட்கார்ந்திருப்பது அவருக்கு அப்படியே தெரிந்தது.

சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். ஒன்றை மட்டும் எடுத்துப் போனால் ஒன்றுக்கும் ஆகாது, ஆனால் ஒன்று பழுதானால் இரண்டுமே குப்பைதான் என்றார் கடைக்காரர்.

"அதையே குடுங்க."

"மாமா, மொத்தமும் போயிடும் மாமா" என்றான் மச்சான்.

"போனா ரெண்டு பேருக்கும் சேர்ந்தே போகட்டும் மாப்ள."

அவன் முகம் சுண்டிவிட்டது. அதைப் பார்க்க அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி.

குடும்ப விவகாரம் கடைக்காரருக்கு எதற்கு? அவர் பேனாவை எடுத்து, எவ்வளவு பெரிய டிஸ்க் போடுவது, இப்போது கையில் மொத்தம் எத்தனை டிபி சரக்கு இருக்கிறது என்று கேட்டார்.

மச்சான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். மூன்று கம்ப்யூட்டர்களையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை, ஆபீசுக்குப் போய்ப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று இழுத்தான்.

நாளைக்கு என்றால் அதற்குள் அக்காவிடம் போய் ஒரு மூச்சு அழுதுவிடுவான். இன்றே முடித்துவிட வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

"ரெண்டே முக்கால் டிபி" என்றார். "பிளானெல்லாம் கொஞ்சம்தான். சைட் வீடியோதான் இடத்தை அடைக்குது."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

கம்ப்யூட்டரை அணைப்பதற்குக்கூட மாப்ள, இங்க வா என்று கூப்பிடுகிற மனிதர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை, உள்ளே தாழ் போட்ட ஆபீசில், ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரு சின்ன டிஸ்க்கில் காப்பி போட்டுவிட்டு, பச்சைக் கோடு ஊர்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு முன்ஜாக்கிரதைதான். அவன் முந்துவதற்குள் நாம் முந்திக்கொள்வோம் என்றுதான். வீட்டில் வைத்தால் மனைவி கண்ணில் படும் என்று, அந்தச் சின்ன டிஸ்க்கை மழைக்கோட்டில் சுற்றி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். மச்சான் கடைவரை உட்கார்ந்து வந்ததே அதன் மேல்தான்.

மச்சான் அவரை ஏறிட்டுப் பார்த்தான். கோபம் எதுவும் இல்லை. ஒரு கணக்கைக் கூட்டி முடித்த முகம்.

பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினான்.

"ஒரு டிஸ்க் போதுங்க. இன்னொரு காப்பி மாமாகிட்ட இருக்கு."