தொட்டிக்கு வெளியே

"கூண்டுல மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. பசி போல" என்றார் விஞ்ஞானியின் கணவர் போனில். ஆய்வகத்துக்கு எதிரே தெரிந்த வளைகுடாவில்தான் அவருடைய மீன் பண்ணை.

"அப்போ தீனியப் போடுங்க. இங்க எனக்குத் தலைக்கு மேல வேலை."

மரபணுச் சோதனையின் முடிவைப் பார்த்ததிலிருந்து விஞ்ஞானிக்குக் கால் தரையில் பாவவில்லை. தொட்டியில் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தலைமுறை தலைமுறையாக அவள் வளர்த்த ஜெல்லிமீன்கள் மரபணுவிலேயே மாறியிருந்தன. மீனைப் போட்டால் மூச்சு முட்டிச் சாகும் தண்ணீரில் அவை சொகுசாகக் குடை விரித்தன.

"பல வருஷம் ஆகும்னு நெனச்சேன். எல்லாம் உங்க கைராசிண்ணே" என்று தொட்டிகளைப் பராமரிக்கும் ஊழியரிடம் பூரித்தாள்.

அவர் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.

"திட்டாதீங்க மேடம். நீங்க வளத்ததெல்லாம் நீங்க லீவுல போனப்பவே செத்துப் போச்சு. ஆக்சிஜன அளவுக்கு மீறிக் கொறச்சிட்டேன். வேலை போயிடுமேன்னு பயந்து..."

"அப்போ நான் சோதனைக்கு அனுப்பினது?"

அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "வளைகுடாவுல அள்ளிட்டு வந்தது. அங்கதான் இப்போ மண்டிக் கெடக்கே."

தொட்டிக்குள் தான் செய்ததாக அவள் நினைத்ததை, வெளியே கடல் எப்போதோ செய்து முடித்திருந்தது.

போன் மறுபடி அடித்தது.

"தீனி போட்டாச்சு. ஒண்ணுகூடத் தொடல" என்றார் கணவர். "வாய மட்டும் தெறந்து தெறந்து மூடுதுங்க."