கோந்து காயும் நேரம்

“கோந்து காயறதுக்கு இருபத்துநாலு மணி நேரம் ஆகும் சார். அந்த இருபத்துநாலு மணி நேரமும் நான் தாமதம்னு இது எழுதி வெச்சிருக்கு. அதுவும் சிவப்புல.”

மேற்பார்வையாளர் தன் கைபேசியை முதலாளியின் மேஜை மேல் வைத்தார். அலமாரியும் கட்டிலும் செய்கிற அந்தப் பட்டறையில் அவருக்குக் ‘கோந்து’ என்றுதான் பெயர். ஒட்டினது காயாமல் ஒரு பலகையைக்கூட வாசல் தாண்ட விடமாட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் சொன்ன தேதி தவறியதில்லை. இப்போது இரண்டே வாரத்தில் பதினேழு சிவப்புப் புள்ளி வாங்கியிருந்தார்.

எல்லாம் புதிதாக வந்த மென்பொருளின் கைங்கரியம். எந்த வேலையை யார், எப்போது முடிக்க வேண்டும் என்று அது ஒவ்வொருவர் கைபேசிக்கும் அனுப்பும். அனுப்பும்போது ‘டிங்’ என்று சத்தம் போடும். பட்டறையை அதற்குப் பழக்குவதற்கென்றே ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்திருந்தார்கள். அவளுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது: டிங் மேடம்.

காய்கிற நேரத்தைத் தனியாகக் குறிக்க அதிலேயே வழி இருக்கிறது, காட்டித் தருகிறேன் என்றாள் மேஜைக்குப் பக்கத்தில் நின்ற டிங் மேடம். கோந்து அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“ஆணி எது, திருகு எதுன்னு தெரியாது இந்தம்மாவுக்கு. இவங்க போன்கிட்ட நான் நல்ல பேர் வாங்கணுமா சார்?”

முதலாளி இரண்டு பக்கமும் நல்லவராக இருக்க ஆசைப்படுகிறவர். தீர்ப்பை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினார். “அதுக்குள்ள நீங்க முப்பத்தொரு பேரும் சேர்ந்து ஒரே ஒரு வேலையை இதுல போட்டு, ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் முடிச்சிருந்தா இது இருக்கும். இல்லேன்னா இதையும் தூக்கிடலாம், இந்தம்மாவையும் அனுப்பிடலாம்.”

கோந்துக்கு அது போதும். பட்டறைக்கு வந்ததும் உத்தரவு பறந்தது. அலமாரி, கட்டில், ஏன், ஒரு முக்காலியைக்கூட யாரும் அதில் ஏற்றக் கூடாது. எல்லாம் பழையபடி சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டப்படும். கூடவே, முப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்ட புகார் வெள்ளிக்கிழமை முதலாளி கையில் இருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் இருந்தது. அந்தப் பட்டறைக்கு மனு எழுதிப் பழக்கம் உண்டு, கொடுத்துப் பழக்கம் இல்லை. போன வருஷம் கழிவறைக்குக் கதவு கேட்டு ஒரு மனு தயாரானது. யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவாகாததால், ஒரு புது அலமாரிக்குள் பத்திரமாக வைத்தார்கள். அலமாரி விற்றுப்போனது. மாதம் நானூறு அலமாரிக் கதவு செய்கிற இடத்தில் கழிவறைக்கு இன்றைக்கும் சாக்குத் திரைதான்.

“இந்தத் தடவையும் இது ஏதாவது அலமாரியிலதாண்ணே போய்ச் சேரும்,” என்றார் பாலிஷ் போடுகிற அக்கா.

“சேராது. நான் பாத்துக்கறேன்,” என்றார் கோந்து.

பார்த்துக்கொண்டார். எழுதுவது ஒருவர், பிழை பார்ப்பது ஒருவர், காலை ஷிப்டில் கையெழுத்து வாங்குவது ஒருவர், மாலை ஷிப்டில் வேறொருவர் என்று வேலை பிரிந்தது. ஒருவர் முடித்த கையோடு அடுத்தவர் தொடங்கினார். யாரும் யாரையும் தேடி அலையவில்லை, ‘நான் உன்னைச் செய்யச் சொன்னேனே’ என்று ஒரு சண்டைகூட இல்லை. புகாரும் நாளுக்கு நாள் காரமாகிக்கொண்டே போனது. அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் டிங் டிங் என்று சத்தம் ஓயாததால், இந்த இழவுச் சத்தத்தில் காது போகிறது என்று அதையும் நாலாவது பத்தியாகச் சேர்த்தார்கள். காகிதமாக இருந்தால்தானே தொலையும்? புகாரை ஒரு பலகையில் ஒட்டி, ஓரத்துக்குப் பாலிஷும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு டிங் மேடம் முதல் ஆளாக வந்து, நாற்காலிகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலை போகப்போகிற பெண் வரிசை பார்த்து நாற்காலி போடுவது அக்காவுக்குப் பாவமாக இருந்தது. கோந்துக்கு இல்லை. பலகையை இரண்டு கையாலும் தூக்கி முதலாளியின் முன்னால் நிறுத்தினார்.

“முப்பத்தொரு கையெழுத்து சார். ஒருத்தன்கூட ஒரு பலகை வேலையைக்கூட அதுல போடலை. வெக்கம் இருந்தா அது தானா போயிடணும்.”

முதலாளி புகாரை முழுக்கப் படித்தார். பலகையைத் தடவிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு. ஆனா போன வருஷம் எழுதினதா கேள்விப்பட்ட கழிவறை மனு இன்னும் என் கைக்கு வரலை. அதே ஆளுங்கதானே நீங்க? இது மட்டும் எப்படிய்யா நாலே நாள்ல முடிஞ்சுது?”

மரம் அறுக்கிற பிரிவு மொத்தமும் ஜன்னலைப் பார்த்தது.

டிங் மேடம் மடிக்கணினியை முதலாளி பக்கம் திருப்பினாள். திரையின் உச்சியில், ‘மென்பொருளை விரட்டும் திட்டம். பொறுப்பு: கோந்து’ என்று இருந்தது. கீழே நாற்பத்தாறு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒரு நேரம். கூட்டத்துக்கு நாற்காலி போடுகிற வேலைக்கு எதிரே, அந்த நேரத்தில் சும்மா இருந்த ஒரே ஆள் என்று டிங் மேடத்தின் பெயர் இருந்தது.

“அது எங்க சொந்த விஷயம் சார், பட்டறை வேலையில சேராது,” என்று கோந்து கொதித்துக்கொண்டே திரைக்குக் கிட்டே வந்தார். நாற்பத்தைந்து பச்சைக்கு நடுவில், ‘புகாரைப் பலகையில் ஒட்டுவது’ என்பது மட்டும் சிவப்பாக இருந்தது.

அவர் முதன்முறையாக டிங் மேடம் பக்கம் திரும்பினார்.

“என் திட்டத்துல எவனும் தாமதம் கிடையாதும்மா. காயற நேரத்தைத் தனியா குறிக்க வழி இருக்குன்னீங்களே, அது எங்க இருக்கு?”