இரண்டாவது வால்வு

ஒரு எழுத்துகூட மாற்றாமல் காவியா மறுபடியும் சேவ் பண்ணினாள்.

திரையின் ஓரத்திலிருந்த பச்சை டிக்குகள் மறைந்தன. ஜன்னலுக்கு வெளியே கிணற்றடியில் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

மறுபடியும் டெஸ்ட்டா என்று கேட்டார், பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா குப்புராஜ். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். பொய் சொன்னால் அவளுக்கு நாக்கு குளறும்.

பெங்களூர் கம்பெனிக்கு இண்டூர் கிராமத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண். கிடைக்கிற நேரத்தில், செல்போனிலேயே வால்வைத் திறக்கவும் மூடவும் அப்பாவுக்காக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். எந்த வால்வைத் திறந்தாலும் மோட்டார் தானே கிளம்பும், மூடினால் நின்றுவிடும். எழுதுகிற எடிட்டரில் ஒரு பிளக்-இன் போட்டிருந்தாள். சேவ் பண்ணினால் போதும், எல்லா டெஸ்ட்டும் தானாக ஓடும். சரியாக ஓடிய வரிக்குப் பச்சை டிக், சொதப்பிய வரிக்குச் சிவப்பு.

விவரமானவர்கள் டெஸ்ட்டுக்கென்று ஒரு பொய் மோட்டாரை வைத்துக்கொள்வார்கள். அது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடி, உள்ளேயே நிற்கும். காவியாவுக்கு அது தெரியாதா என்ன? தெரிந்துதான் நிஜ மோட்டாரில் கோத்துவிட்டிருந்தாள்.

எல்லாம் அந்த இரண்டாவது வால்வுக்காக.

முதல் வால்வைத் திறந்தால் தண்ணீர் இவர்கள் மஞ்சளுக்குப் போகும். இரண்டாவதைத் திறந்தால் வரப்பைத் தாண்டி, சித்தப்பா சென்றாயனின் தக்காளிக்குப் போகும். அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் பயிர் வைத்த காலத்தில் பதித்த குழாய். அந்த வால்வையும் எதற்கு இதில் சேர்க்கிறாய் என்று அப்பா அன்றைக்கே கேட்டார். டெஸ்ட்டுக்கு என்று குளறினாள். அவரும் அதற்கு மேல் துருவவில்லை.

சண்டை ஒன்றும் பெரிதில்லை. வைகாசியில் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் மச்சான் பெயர் மேலேயும் அண்ணன் பெயர் கீழேயும் அச்சாகிவிட்டது. அவ்வளவுதான். டீக்கடையில் நாலு பேர் முன்னால், என் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு அவன் நிலத்தில் விழாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

அப்போது சித்தப்பாவின் போர்வெல்லில் தண்ணீர் இருந்தது. போன வாரம் அது வெறும் காற்றைத் துப்ப ஆரம்பித்தது. தக்காளி இப்போதுதான் நட்ட நாற்று.

அப்பா சொன்ன சொல்லிலிருந்து இறங்கமாட்டார். சித்தப்பா வந்து கேட்கவும் மாட்டார். நடுவில் நாற்று என்ன பாவம் செய்தது?

ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு நிமிடம் தண்ணீர். முதல் நாள் சித்தப்பா குழாயைப் பார்த்தபடி மலைத்துப்போய் நின்றார். இப்போதெல்லாம் மோட்டார் சத்தம் கேட்டால் மம்முட்டியோடு மடையில் ஆஜர். இந்தப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கமாட்டார். ரோஷம் இவர்களுக்குக் குடும்பச் சொத்து, பாகம் பிரித்தபோது ஆளுக்குப் பாதி வந்திருக்கிறது.

ஆனால் ஒரு நிமிடத் தண்ணீர் எத்தனை பாத்திக்குக் காணும்? கடைசிப் பாத்திகளில் நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. இன்றைக்கு நனையாவிட்டால் பிழைக்காது. மோட்டாருக்கான கரண்டும் மதியத்தோடு போய்விடும். டெஸ்ட்டை இன்னும் கொஞ்சம் நீட்டலாம் என்றால், இவ்வளவு நேரம் என்ன ஓடுகிறது என்று அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவாரே!

அப்பாவுக்கு இந்தத் திரை ரொம்பப் பிடித்திருந்தது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து டிக் விழுவதைப் பார்ப்பார். அவருக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தாள். முழுசாக ஓட்டாமல் ஒரே ஒரு வரியை மட்டும் ஓட்டவும் அந்த பிளக்-இன்னில் வழி உண்டு. அந்த வரியில் கர்சரை வைத்து இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் போதும். நேற்று அதையும் சொல்லிக்கொடுத்தாள். முதல் வால்வைத் தானே திறந்து, தானே மூடி, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

மோட்டார் நின்றது. டிக்குகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. காவியா மறுபடியும் விரலைக் கொண்டுபோனாள்.

"இத்தினி வாட்டி ஓட்டனா மோட்டாரு சூடாயிடப் போவுது. போயி ஒரு சொம்பு மோரு கொண்டா."

மாட்டிக்கொண்டோமோ? எழுந்து உள்ளே போனாள்.

மோரில் உப்பைப் போட்டுக் கலக்கும்போது மோட்டார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஒரு நிமிடம் ஆயிற்று. நிற்கவில்லை. இன்னொரு நிமிடமும் போயிற்று.

சொம்போடு ஓடிவந்தாள்.

அப்பா அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆள்காட்டி விரல்களும் இன்னும் கீபோர்டு மேலேயே இருந்தன. திரையில் ஒரே ஒரு புது டிக். 'ரெண்டாவது வால்வு திற' என்று அவள் குறித்து வைத்த வரிக்குப் பக்கத்தில். அதற்கு அடுத்த 'ரெண்டாவது வால்வு மூடு' சும்மா கிடந்தது.

வெளியே தண்ணீர் பாத்தி பாத்தியாகப் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா மம்முட்டியை ஊன்றிக்கொண்டு, வைகாசிக்குப் பிறகு முதல் தடவையாக இந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவில்லை. சொம்பை வாங்கிக்கொண்டார்.

"யாராச்சும் கேட்டா டெஸ்ட்டு ஓடுதுன்னு சொல்லு. கடைசிப் பாத்தி நனையற வரைக்கும் அந்த மூடற வரியத் தொட்டுடாத."